கூலர் மாத்தியும் நாலு டிகிரிதான் குறைஞ்சுது

கேள்வி | 2024 ஏப்ரல் 21

ரைசன் 5 7600எக்ஸ், ஏஎம்டி பிராசஸர். கல்யாண வீடியோ ரெண்டர் பண்ற மெஷின். கீழே டெய்லர் கடை, மாடியில் என் ஸ்டுடியோ, ஏசி கிடையாது, மதியம் ரூமில் 36 டிகிரி. பழைய ஏஎம்4 (ஏஎம்டியின் முந்தைய சாக்கெட்) மெஷினில் பிராசஸர் மேல் இருந்த சின்ன கூலரையே மாட்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். ரெண்டர் போட்டால் நேராக 95-க்குப் போய் நின்றுவிடும். சரி என்று எட்டாயிரம் ரூபாய் கொடுத்து இரண்டு டவர், இரண்டு ஃபேன் வைத்த பெரிய கூலர் வாங்கினேன். இப்போது 91. நாலு டிகிரிக்கு எட்டாயிரமா? இந்த ஹீட்சிங்க் (கூலரின் உலோகத் தகடுகள்) வியாபாரமே ஏமாற்று வேலை என்கிறேன். சைடு மூடியைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்திருந்தால் காசாவது மிஞ்சியிருக்கும். இல்லை என்று யாராவது சொல்லுங்கள் அண்ணா.

பதில் | ஏப்ரல் 21, இரவு

பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் போடுகிற பேஸ்ட் சரியாகப் பூசியிருக்க மாட்டீர்கள். கழற்றி அடிப்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். டேபிள் ஃபேன் வேலைக்கு ஆகாது.

ஏப்ரல் 22

படம் பார்த்தேன். நலங்கு வைத்த மாதிரி அப்பியிருக்கிறீர்கள், ஆனாலும் தப்பில்லை. இறுக்கும்போது மிச்சம் ஓரத்தில் பிதுங்கி வெளியே வந்திருக்கிறது, நடுவில் மெல்லிசாகத்தான் இருக்கிறது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

பேஸ்டைப் பற்றி ஒரு தப்பெண்ணம் உண்டு, அது ஏதோ குளிர்ச்சியான மருந்து என்று. கிடையாது. வெப்பத்தைக் கடத்துவதில் செம்பு 400 என்றால் அலுமினியம் 237, நல்ல பேஸ்ட் ஐந்திலிருந்து பத்து வரை, காற்று 0.026. செம்போடு ஒப்பிட்டால் பேஸ்ட் மட்டமான சரக்கு. ஆனால் பிராசஸர் மூடியும் கூலரின் அடியும் கண்ணுக்குத்தான் வழவழப்பு. நடுவில் ஆயிரம் பள்ளம், அதில் காற்று. காற்றைத் துரத்திவிட்டு அங்கே உட்காருவதுதான் பேஸ்டின் வேலை. பள்ளத்தை நிரப்பிய பிறகு அதற்கு மேல் போடுவதெல்லாம் இடைஞ்சல்.

ஆக, நேற்று நான் சொன்னது தப்பு. பேஸ்ட் இல்லை.

ஏப்ரல் 22, மாலை

ரயிலில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். டிகிரியை மட்டும் கேட்டுவிட்டு நான் பாட்டுக்குத் தீர்ப்பு சொல்லிவிட்டேன். காய்ச்சல் எவ்வளவு என்று கேட்டுவிட்டு ஆள் நடக்கிறானா ஓடுகிறானா என்று கேட்காத டாக்டர் மாதிரி. பழைய கூலரில் ரெண்டர் ஓடும்போது பிராசஸர் எத்தனை வாட் தின்றது, எத்தனை கிகாஹெர்ட்ஸில் ஓடியது? இப்போது எத்தனை? எச்டபிள்யூஇன்ஃபோவில் (டிகிரி, வாட் எல்லாம் காட்டுகிற சாஃப்ட்வேர்) பழைய லாக் இருந்தால் எடுத்துப் போடுங்கள்.

ஏப்ரல் 24

லாக் வந்துவிட்டது. நான் நினைத்ததேதான்.

பழைய கூலர்: 95 டிகிரி, 92 வாட், 5.05 கிகாஹெர்ட்ஸ்.
புதிய கூலர்: 91 டிகிரி, 118 வாட், 5.35 கிகாஹெர்ட்ஸ்.

தம்பி, உங்கள் பிராசஸர் நின்ற இடத்தில் நிற்கவில்லை. இந்த 7000 வரிசை ரைசன்களை ஏஎம்டி வடிவமைத்ததே அப்படி: முழு வேலை கொடுத்தால் 95 டிகிரி வரைக்கும் எவ்வளவு வேகம் கிடைக்குமோ அவ்வளவையும் எடுத்துக்கொள்ளும். 95-ஐத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்து அங்கேயே உட்காரும். பெரிய கூலர் மாட்டினால், "ஓ, இன்னும் இடம் இருக்கிறதா" என்று 26 வாட் கூடுதலாகத் தின்கிறது. நீங்கள் வாங்கிய குளிர்ச்சியை அது வேகமாக மாற்றிச் சாப்பிட்டுவிட்டது. சம்பளம் ஏறியும் மாசக் கடைசியில் கையில் நிற்காத கதை.

கணக்காகவே பார்த்துவிடலாம். ரூம் சூட்டுக்கு மேல் எத்தனை டிகிரி ஏறியது என்பதை வாட்டால் வகுத்தால், ஒரு வாட்டுக்கு எத்தனை டிகிரி ஏறுகிறது என்று கிடைக்கும். அதுதான் கூலரின் தரம்.

பழையது: 95-36 = 59, வகுத்தல் 92, வாட்டுக்கு 0.64 டிகிரி.
புதியது: 91-36 = 55, வகுத்தல் 118, வாட்டுக்கு 0.47 டிகிரி.

புதிய கூலரில் அதே 92 வாட்டை மட்டும் ஓட விட்டிருந்தால் 79-இல் நின்றிருக்கும். நாலு டிகிரி இல்லை, 16 டிகிரி வித்தியாசம். ஏமாற்று வேலை என்ற வார்த்தையை வாபஸ் வாங்குங்கள்.

ஏப்ரல் 24, சற்று நேரம் கழித்து

ஒன்றை விட்டுவிட்டேன். அந்த 0.47 முழுக்கக் கூலரின் குற்றமில்லை. உள்ளே வெப்பம் பிறக்கிற சில்லு சுமார் 70 சதுர மில்லிமீட்டர், கட்டைவிரல் நகத்தைவிடச் சின்னது. 118-இல் 90 வாட்டாவது அங்கேதான் பிறக்கும். வீட்டு இஸ்திரிப் பெட்டி 1000 வாட்தான், ஆனால் அதன் அடித்தட்டு 200 சதுர சென்டிமீட்டர் வரும். பரப்புக்குப் பரப்பு பார்த்தால் பிராசஸரில் இஸ்திரிப் பெட்டியைப்போல் இருபத்தைந்து மடங்கு நெருக்கம். அந்த நகத்திலிருந்து வெப்பம் முதலில் மூடியோடு அதை ஒட்டியிருக்கிற இண்டியம் என்ற உலோகச் சால்டரைத் தாண்ட வேண்டும், பிறகு மேல் மூடி. ஏஎம்4 கூலர்கள் அப்படியே பொருந்த வேண்டும் என்று உங்கள் ஏஎம்5 சாக்கெட் பிராசஸரில் அந்த மூடியைத் தடியாக வைத்துவிட்டார்கள். (அதனால்தான் உங்கள் பழைய கூலர் மாட்ட முடிந்தது, நன்றியோடு இருங்கள்.) இந்தப் பகுதியில் ஏறுகிற டிகிரியை எந்தக் கூலரும் குறைக்க முடியாது. இருபதாயிரம் கொடுத்து வாட்டர் கூலர் வாங்கினாலும் உங்களுக்குக் கிடைக்கப்போவது இன்னும் சில டிகிரிதான். வாங்கிவிட்டு மறுபடி இங்கே வந்து திட்டாதீர்கள்.

ஏப்ரல் 25

"ஃபேன் போட்டால் ரூமைவிடச் சில்லென்று ஆகாதா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆகாது. சீலிங் ஃபேன் காற்றைக் குளிர வைப்பதில்லை. நமக்கு வியர்க்கிறது, காற்று பட்டால் வியர்வை உலர்கிறது, உடம்பு சில்லிடுகிறது. பிராசஸருக்கு வியர்க்காது. 36 டிகிரி ரூமில் எவ்வளவு வேகமாக ஃபேன் ஓடினாலும் 36-க்குக் கீழே ஒரு புள்ளிகூட இறங்காது. கூலர் என்று பெயர் வைத்தவனைத்தான் கேட்க வேண்டும். அது வெப்பத்தை ரூமுக்குத் தள்ளிவிடுகிற ஏற்பாடு, அவ்வளவுதான். 118 வாட்டும் கடைசியில் உங்கள் ஸ்டுடியோவுக்குள்தான் கிடக்கிறது.

ஏப்ரல் 27

ஞாபகம் வந்ததைச் சொல்லிவிடுகிறேன், சம்பந்தம் உண்டு.

2005-இல் குமாரபாளையத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தறி குடோன். கணக்கு எழுத ஒரு பென்டியம் 4, 775 சாக்கெட். காலையில் நன்றாக ஓடும், மதியம் மூன்று மணிக்கு டப்பென்று ஆஃப். ஓனர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சோறு தின்னா அதுக்கும் தூக்கம் வந்துருதுங்க தம்பி." மூடியைத் திறந்து பார்த்தேன். சிபியூ ஃபேன் ஜோராகச் சுற்றுகிறது. அப்போ எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை)தான் என்று புதுசு போட்டுக் காசும் வாங்கிவிட்டேன். மறுநாள் மூன்று மணிக்கு மறுபடி ஆஃப்.

இரண்டாம் தடவை போனபோதுதான் ஃபேனைக் கழற்றினேன். அடியில் மெத்தை. தறியிலிருந்து பறக்கிற பஞ்சு ஃபேன் வழியாக உள்ளே போய், அலுமினியத் தகடுகளின் மேல் படிந்து, வட்டமாக, ஒரு விரல் தடிமனுக்குக் கம்பளி மாதிரி ஆகியிருக்கிறது. உரித்தால் அப்படியே தோசை போல வருகிறது. ஃபேன் சுற்றுகிறது, காற்று போகவில்லை. மேலே இருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. காலையில் குடோன் குளிர்ச்சியாக இருக்கும்வரை தாக்குப் பிடித்திருக்கிறது. மதியம் தகரக் கூரை காய்ந்ததும் முடியவில்லை.

சுத்தம் பண்ணி மாட்டினேன். மூன்றாம் நாளும் ஃபோன் வந்தது! இந்தத் தடவை என் தப்பு. பிராசஸரோடு வருகிற அந்த ஸ்டாக் கூலருக்கு நாலு மூலையில் பிளாஸ்டிக் பின் இருக்கும், அழுத்தினால் 'டக்' என்று உட்கார வேண்டும். மூன்று உட்கார்ந்திருந்தது, நாலாவது சும்மா நின்றிருந்தது. ஒரு மூலை தலைமுடி அளவு தூக்கியிருந்தாலே போதும், பேஸ்ட் இருந்தும் பிரயோஜனமில்லை. எஸ்எம்பிஎஸ் காசைத் திருப்பிக் கொடுத்தேன். ஓனர் வாங்கவில்லை, ஒரு லுங்கி கொடுத்து அனுப்பினார்.

அந்தக் காலத்து ஆட்களுக்கு இதெல்லாம் பயம்தான். 2001-இல் டாம்ஸ் ஹார்ட்வேர் தளம் ஒரு வீடியோ போட்டது. ஓடிக்கொண்டிருக்கிற மெஷினில் ஹீட்சிங்கைப் பிடுங்கிவிடுவார்கள். ஏஎம்டி ஆத்லான் புகைந்து செத்தது. பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு கேம் திணறத் திணற ஓடியது. இன்றைக்கு எல்லாப் பிராசஸருமே தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். அதனால் யாரும் சுத்தம் பண்ணுவதில்லை. செத்தால்தானே தெரியும், மெதுவாக ஓடினால் "விண்டோஸ் ஸ்லோ" என்று ஃபார்மட் பண்ணுகிறார்கள்.

மே 1

லீவு. டேபிள் ஃபேனைச் சோதித்துவிட்டேன். முதல் நாள் வாய்க்கு வந்தபடி "வேலைக்கு ஆகாது" என்று எழுதியது உறுத்திக்கொண்டே இருந்தது.

என் மெஷினில் ரெண்டர் அரை மணி நேரம், வாட்டைப் பூட்டிவைத்து. கேபினெட் சைடு மூடி போட்டு 78. மூடியைக் கழற்றினால் 75. டேபிள் ஃபேனை இரண்டில் வைத்தால் 71. ஏழு டிகிரி. எட்டாயிரமும் இல்லை, எட்டணாவும் இல்லை.

என் கேபினெட்டின் முன்பக்கம் கண்ணாடி, காற்று வர இரண்டு விரல் சந்து. உள்ளே கூலர் தான் துப்பின சூட்டையே திரும்ப மூச்சு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. ஊதுபத்தி கொளுத்திப் பார்த்தேன்: பின்னால் போக வேண்டிய புகை கிராபிக்ஸ் கார்டு பக்கம் சுழித்துத் திரும்பி மறுபடி கூலருக்கே வருகிறது. நல்ல காற்றோட்டமுள்ள கேபினெட்டாக இருந்தால் மூடியைக் கழற்றினாலும் பெரிய வித்தியாசம் வராது. மூடியைக் கழற்றி டிகிரி இறங்கினால், குறை கேபினெட்டில் என்று அர்த்தம். டேபிள் ஃபேனை மருந்தாக இல்லாவிட்டாலும் பரிசோதனைக் கருவியாக ஒப்புக்கொள்கிறேன்.

நிரந்தரமாக அப்படி வைக்காதீர்கள். பல்லி வரும். சொல்கிறேன் அவ்வளவுதான், அனுபவத்தை விவரிக்க விருப்பமில்லை.

மே 3

ஏர் கூலர் பக்கத்தில் வைக்கலாமா என்ற கேள்விக்கு: தண்ணீர் ஆவியாகிற குளிர்ச்சி காய்ந்த ஊரில் வேலை செய்யும். ஈரோட்டுப் பக்கம் ஏப்ரலில் ஆறேழு டிகிரி இறக்கும். சென்னையில் ஏற்கெனவே காற்று நனைந்துதான் இருக்கிறது, அங்கே பிசுபிசுப்புதான் மிச்சம். இன்னொன்று: ஈரக்காற்றும் தூசியும் சேர்ந்தால் தகடுகளில் சேறாகப் பிடிக்கும், பிரஷ் போட்டாலும் வராது. நான் வைக்க மாட்டேன்.

பேஸ்டுக்குப் பதில் டூத்பேஸ்ட் கேட்டவருக்கு: ஈரம் இருக்கிற வரை வேலை செய்யும், காய்ந்தால் சுண்ணாம்பு. பல் தேய்க்கவே வைத்துக்கொள்ளுங்கள்.

மே 9

கூலரின் அடியிலிருந்து தகடுகளுக்குப் போகிற செம்புக் குழாய்க்குள் என்ன இருக்கிறது என்று வாய்விட்டுக் கேட்க வெட்கப்படுகிற ஆட்கள் நிறைய. நானும் ஒருவன். பல வருஷம் அது உருட்டுக் கம்பி என்றுதான் நினைத்திருந்தேன். ஃபேன் ஹூக் உடைந்த ஒரு கூலர் சும்மா கிடந்தது. ஹாக்ஸா பிளேடால் ஒரு குழாயை அறுத்தேன். உள்ளே தண்ணீர் என்று படித்திருந்ததால் அடியில் கிண்ணம் வேறு.

ஒரு சொட்டு விழவில்லை. குழாய் வெற்று. உள்சுவர் முழுக்கச் செம்புத்தூளைச் சுட்டு ஒட்டியது போல ஒரு சொரசொரப்பு, அது ஈரமாக இருக்கிறது. விரலை வைத்தால் நனைகிறது. அவ்வளவுதான் தண்ணீர்.

அந்த ஈரம் செய்கிற வேலைதான் வேலை. உள்ளே காற்றை உறிஞ்சிவிட்டு மூடியிருப்பதால் தண்ணீர் நூறு டிகிரிவரை காத்திருக்காது, நாற்பதிலும் கொதிக்கும். பிராசஸர் பக்கம் ஆவியாகிறது, ஆவி மேலே தகடுகளுக்கு ஓடுகிறது, அங்கே குளிர்ந்து தண்ணீராகிறது. விளக்குத் திரி எண்ணெய் குடிப்பது போல அந்தச் சொரசொரப்பு தண்ணீரைத் திரும்பக் கீழே கொண்டு வருகிறது. மோட்டார் கிடையாது, சத்தம் கிடையாது. இட்லிக் குண்டான் மூடியில் வேர்த்து உள்ளேயே சொட்டுகிற அதே சங்கதி. 1963-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் செய்து காட்டியது, அப்போது யோசனை விண்வெளிக் கலங்களுக்கு. ஜெனரல் மோட்டார்ஸின் ரிச்சர்ட் காக்லர் 1944-லேயே இதே கருத்துக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார், யாரும் சீண்டவில்லை.

குழாய் வளைந்து நசுங்கினால், லேசாக ஓட்டை விழுந்தால், கதை முடிந்தது. அப்புறம் அது வெறும் செம்புத் தகரம். வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அடிப்பக்கம் கொதிக்கும்போது தகடுகள் ஜில்லென்று இருந்தால் சந்தேகப்படுங்கள்.

மே 10

விளக்கம். "செம்பு 400, அலுமினியம் 237, அப்போ தகடும் செம்பில் போட்டால் ஒன்றரை மடங்கு குளிருமா" என்று கேட்கிறார்கள். குளிராது. தகட்டுக்குள் வெப்பம் ஓடுவது சுலபம். தகட்டிலிருந்து காற்றுக்குத் தாவுவதுதான் கஷ்டம். அதற்குப் பரப்பும் காற்றும்தான் வேண்டும். அதனால்தான் அடியில் செம்பு, மேலே மெல்லிய அலுமினியம். எடையும் குறைவு.

காற்று என்றால் எவ்வளவு? 118 வாட்டை எடுத்துப்போகிற காற்று பத்து டிகிரிதான் சூடாகலாம் என்றால், நொடிக்குச் சுமார் பத்து லிட்டர் வேண்டும். நொடிக்கு ஒரு சின்னக் குடம். பஞ்சு அடைத்துப் பாதியானால் அதே காற்று இருபது டிகிரி ஏறி வெளியே வரும். தறி குடோன் கதை இப்போது கணக்கிலும் புரிகிறதா?

மே 11

சத்தத்தைப் பற்றி. பிராசஸர் வெப்பம் நொடிக்கு நொடி குதிக்கும், ஃபேனும் கூடவே குதித்தால் காது போய்விடும். பயாஸில் (மெஷினின் அடிப்படை செட்டிங்) ஃபேன் தாமதத்தை நாலைந்து நொடி வையுங்கள். ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை சுற்று) பாதியானால் காற்று பாதி, அழுத்தம் கால்பங்கு, கரண்ட் எட்டில் ஒரு பங்கு, சத்தம் 15 டெசிபெல் அளவுக்கு இறங்கும். ஒரு ஃபேனை 2000-இல் கத்தவிடுவதைவிட இரண்டை 1000-இல் ஓட்டுவது மேல். ஆனால் அழுத்தம் கால்பங்காகிறது என்பதைக் கவனியுங்கள். நெருக்கமான தகடு, ஃபில்டர் வலை, பஞ்சு, இதையெல்லாம் மெதுவான ஃபேன் துளைக்காது.

ஃபேனை எந்தப் பக்கம் திருப்பி மாட்டுவது என்று குழம்பினால்: மோட்டாரைத் தாங்குகிற நாலு கம்பி இருக்கிற பக்கம்தான் காற்று வெளியே வரும்.

மே 18

தம்பி ஈகோ மோடு, அதாவது பிராசஸர் தின்கிற வாட்டைக் குறைத்துவைக்கிற செட்டிங், போட்டுப் பார்த்திருக்கிறார். பெயர் 65 வாட், நிஜத்தில் 88 வாட்வரை விடும். ரூம் 36, பிராசஸர் 77. என் 0.47 கணக்கும் 77-தான் சொல்கிறது, கொஞ்சம் காலரைத் தூக்கிக்கொள்கிறேன். 41 நிமிஷ ரெண்டர் 43 ஆகியிருக்கிறது. இரண்டு நிமிஷத்துக்கு 30 வாட், 14 டிகிரி. நானாக இருந்தால் சித்திரை வைகாசி முழுக்க அதிலேயே வைத்திருப்பேன். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு நிமிஷம் காத்திருக்கட்டும்.

ஜூன் 16

காலரை இறக்கிவிட்டேன். காரணம் கீழே.

தம்பி பழைய கூலரை விற்கலாம் என்று துடைக்க எடுத்தாராம். ஃபேனைக் கழற்றினால் தகடுகளுக்கு முன்னால் கலர் கலராக நூலும் பிசிறும், போர்வை மாதிரி. கீழே டெய்லர் கடை! முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறார். தறி குடோன் கதையை மூச்சு விடாமல் சொன்ன நான் அந்த வரியைப் படித்துவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறேன்.

சுத்தம் செய்து, புதுப் பேஸ்ட் போட்டு, அதே பிராசஸரில் மறுபடி மாட்டி ஓட்டியிருக்கிறார். ரூம் 34. 95 டிகிரி, 108 வாட். 61-ஐ 108-ஆல் வகுத்தால் 0.565. நான் சின்ன கூலரின் தலையில் கட்டிய 0.64-இல் ஒரு பங்கு பிசிறுடையது.

திருத்திய கணக்கு, 36 டிகிரி ரூமில், 92 வாட்டுக்கு: அழுக்குச் சின்னது 95, சுத்தமான சின்னது 88, பெரியது 79. அந்த 16 டிகிரியில் ஏழு ஒரு பெயிண்ட் பிரஷ்ஷுக்குச் சேர வேண்டியது. எட்டாயிரத்துக்குக் கிடைத்தது ஒன்பது.

ஜூன் 16, இரவு

புதுக் கூலரையும் திறந்து பார்க்கச் சொன்னேன். இரண்டு மாசத்தில் முன் ஃபேனுக்குப் பின்னால் லேசாகச் சிவப்பு நூல். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சும்மா விட்டால் விமானம் மாதிரிச் சுற்றி பேரிங் போகும். என்னிடம் அப்படிப் போனது மூன்று.

பழைய கூலரை விற்காதீர்கள் தம்பி. முந்நூறு ரூபாய்க்குமேல் எவனும் தரமாட்டான், அதை நான் தருகிறேன். அதில் நாலு குழாய் இருக்கிறது. ஒன்றை அறுத்ததில் எனக்கு இன்னும் திருப்தியாகவில்லை.